விமானத்தின் மூக்கில் போட்ட துண்டு

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம். நீயும் மருமகளும் குட்டியும் அங்கே சுகமாக இருப்பதை வாராவாரம் போனில் கேட்டுக்கொள்கிறேன், ஆனாலும் உன் கையெழுத்தில் ஒரு வரி பார்த்தால்தான் எனக்கு முழு நம்பிக்கை வருகிறது, அது என் பழைய குணம், உனக்குத் தெரியும். மேலே 'சுகம்' என்று எழுதியதும் பேனாவை மூடி வைத்துவிட்டுப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அந்தச் சொல் முக்கால்வாசிதான் உண்மை. மீதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லலாமே என்று அம்மா கேட்டாள். போனில் நீ குறுக்கே ஒரு கேள்வி கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா" என்று என் வாய் தானாகச் சொல்லிவிடும், எழுத்தில் அப்படி நழுவ முடியாது. வரிசைப்படி பார்த்தால் கடைசியில் வர வேண்டிய விஷயத்தை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் வழியில் எங்காவது பயந்துபோய் விட்டுவிடுவேன். எனக்கு இரண்டு கண்ணிலும் அழுத்த நோய், க்ளகோமா என்கிறார்கள். இடது கண்ணில் பார்வையின் ஒரு பகுதி போய்விட்டது, அது திரும்பாது. இந்த நோய் குடும்பத்தில் இறங்கக்கூடியது, உனக்கு நாற்பத்திரண்டு வயது ஆகிறது, நீ உடனே போய்க் கண்ணைக் காட்ட வேண்டும். இது எனக்குத் தெரிந்து ஐந்து மாதம் ஆகிறது. ஐந்து மாதம் உன்னிடம் சொல்லாமல் இருந்தேன். ஏன் என்று இனி சொல்கிறேன், காரணம் நல்ல காரணம் இல்லை.

காரணம் விமானம்தான். இரண்டு வருடமாக நான் செய்துகொண்டிருக்கும் அந்தப் பெரிய விமானம் உனக்குத் தெரியும், நிஜ விமானத்தில் நாலில் ஒரு பங்கு, இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை ஒன்பது அடி. முப்பத்து நாலு வருடம் தராசுத் தொழிற்சாலையில் மற்றவர்கள் செய்த தராசு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான், நானாக ஒன்றையும் செய்ததில்லை, அதனால் இதில் எனக்கு ஆசை கொஞ்சம் அதிகமாகிவிட்டது. உடல் பகுதி கூடத்தில் சாப்பாட்டு மேசையின் மேல் இருக்கிறது, இறக்கைகள் இரண்டும் எங்கள் படுக்கையறையில் அலமாரிக்கு மேல். அம்மாவும் நானும் போன வருடத்திலிருந்து சமையலறை மேடையில் தட்டை வைத்து நின்றபடியே சாப்பிடுகிறோம். எஞ்சின் எது என்று முடிவு செய்ய எனக்கு எட்டு மாதம் பிடித்தது. ஒரு நோட்டில் கட்டம் போட்டு எடை, அதிர்வு, பராமரிப்பு, சத்தம் என்று தலைப்பு எழுதி மூன்று வகையையும் ஒப்பிட்டேன். ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், அது டூ-ஸ்ட்ரோக். இரட்டை சிலிண்டர் ஃபோர்-ஸ்ட்ரோக், அதன் குரல் மிக அழகு, ஆனால் வால்வு இடைவெளியைத் தலைமுடி அளவுக்குத் திருத்த வேண்டும். மூன்றாவது நீ சொன்ன மின்சார மோட்டார். அம்மா ஒருநாள் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு "என்னைக் கட்டிக்கறதுக்கு முன்னாடி இதுல பாதி யோசிச்சீங்களா?" என்று கேட்டாள். இல்லை, அப்போது யோசிக்கவே இல்லை, அது ஒன்றுதான் நான் யோசிக்காமல் சரியாகச் செய்தது என்று சொன்னேன். "போதும், வால்ல பசை காயுது, பாருங்க" என்று போய்விட்டாள்.

நீ லிஃப்ட் மோட்டார்களோடு தினமும் வாழ்கிறவன், உன் யோசனை சரியான யோசனை. அதிர்வு இல்லை, புகை இல்லை, அப்பா கையால் புரொப்பெல்லரைச் சுற்ற வேண்டாம், விரல் போகாது என்று வரிசையாகச் சொன்னாய். சொன்னதோடு நிற்காமல் நீயே தேர்ந்தெடுத்து அனுப்பியும் வைத்தாய். பெட்டியின் மேல் குட்டி வரைந்திருந்த விமானத்துக்கு நாலு இறக்கையும் ஒரு வாலும் சிரிக்கிற வாயும் இருந்தன. உள்ளே உன் எழுத்தில் ஒரு தாள், 'அப்பாவுக்கு, எடை 1140 கிராம், இது உங்க கையை ஒண்ணும் செய்யாது' என்று. நான் எடை போட்டுப் பார்த்தேன், 1138. பழக்கதோஷம், மன்னித்துக்கொள். அன்று போனில் "அருமையா இருக்குப்பா" என்றேன், அது உண்மை. பொருத்திவிட்டேன் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை, ஆனால் நீ அப்படி நினைக்கும்படி விட்டுவிட்டேன், அது பொய்யை விட மோசம் என்று இப்போது தோன்றுகிறது. அந்த மோட்டார் கட்டிலுக்கு அடியில் அதே பெட்டியில் இருக்கிறது. விமானத்தில் இருப்பது ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். நீ வீடியோவில் கூப்பிட்டு விமானத்தைக் காட்டுங்க என்ற போதெல்லாம் அதன் மூக்கில் என் துண்டைப் போட்டு மூடினேன், தூசி படாமல் இருக்க என்று சொன்னேன். நாலு மாதமாக அந்தத் துண்டு விமானத்தின் மூக்கில்தான் இருந்தது, குளித்துவிட்டு நான் அம்மாவின் துண்டைத் தேட வேண்டியதாகிவிட்டது.

உனக்குச் சொல்ல ஒரு சாக்கும் தயார் செய்து வைத்திருந்தேன். நான் வாலைச் செய்யும்போது உடைந்துவிடுமோ என்ற பயத்தில் ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு தரம் பலகை வைத்து ஒட்டினேன், ஒட்டியதன் மேல் துணி சுற்றி மறுபடி ஒட்டினேன். வரைபடத்தில் சொன்னதை விட வால் முந்நூறு கிராம் கூடிவிட்டது. வாலில் ஒரு கிராம் ஏறினால் மூக்கில் இரண்டு மூன்று கிராம் ஏற்றினால்தான் விமானம் நேராக நிற்கும், ஆகவே கனமான பெட்ரோல் எஞ்சின் போட வேண்டியதாகிவிட்டது என்று உனக்கு எழுதலாம் என்று நினைத்தேன். பிறகு யோசித்தேன், பேட்டரிகளை முன்னால் தள்ளி வைத்தால் அதே எடை வந்துவிடும், இது உனக்கு அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். மகனிடம் பொய் சொல்வது ஒரு பக்கம், எஞ்சினியரான மகனிடம் கணக்கு ஒத்துவராத பொய் சொல்வது இன்னும் கேவலம் என்று விட்டுவிட்டேன்.

உண்மையான காரணம் என் கண்தான், அதை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, மைதானத்தில் எங்களோடு விமானம் விடுகிற பஸ்காரம்மா. நகரப் பேருந்து ஓட்டுகிறவர், உன்னை விட மூன்று நாலு வயது இளையவர், எங்கள் கூட்டத்தில் அவர் கை அளவுக்கு நிதானமான கை வேறு யாருக்கும் கிடையாது. என்னுடைய சின்னப் பழகு விமானத்தை நான் தொடர்ந்து மூன்று வாரம் புதரில் போட்டேன். மற்றவர்கள் காற்று என்றார்கள், ரிமோட்டில் கோளாறு என்றார்கள், நான் வழக்கம்போல் எனக்கு இது வராது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவர் மட்டும் விமானத்தைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு "சார், நீங்க ப்ளேனைப் பார்க்கல, தேடறீங்க" என்றார். அவர்களுக்கு வருடா வருடம் கண் பரிசோதனை உண்டாம், அவரோடு வேலை பார்த்த இன்னொரு டிரைவர் இப்படித்தான் தலையை ஆட்டி ஆட்டித் தேடுவாராம், பரிசோதனையில் தெரிந்து அவரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்களாம். "கோவிச்சுக்காதீங்க, நாளைக்கே போய்க் காட்டுங்க, போகலேன்னா நானே பஸ்ஸை உங்க வாசல்ல நிறுத்தி ஏத்திட்டுப் போவேன், டிக்கெட்டும் வாங்க வெப்பேன்" என்றார். போனேன்.

கண் டாக்டர் இளைஞர், பொறுமைசாலி. ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் எல்லாவற்றுக்கும் அழுத்திவிட்டதாக நினைத்து, பரவாயில்லையே என்று கொஞ்சம் பெருமையாகவே உட்கார்ந்திருந்தேன். தாளைக் காட்டினார், இடது கண்ணின் படத்தில் மேல் பக்கம் மை கொட்டியது போல் கறுப்பு, வலது கண்ணிலும் அதே பக்கம் லேசாக ஆரம்பித்திருந்தது. அத்தனை வெளிச்சம் அங்கே வந்து போயிருக்கிறது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "போனது போனதுதான் சார், இருக்கிறதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்திக்கலாம், ஒருநாள் கூட விடக்கூடாது" என்றார். அதில் கவலை இல்லை, ஒருநாள் கூட விடாமல் செய்வது ஒன்றுதான் எனக்கு நன்றாக வரும், சுவரில் கட்டம் போட்டு ஒட்டியிருக்கிறேன். எழுந்து கதவு வரை வந்தபோது அவர் கேட்டார், "பிள்ளைங்க இருக்காங்களா? நாற்பது தாண்டிட்டாங்களா?" ஒரே மகன், வெளியூரில், நாற்பத்திரண்டு என்றேன். "உடனே பார்க்கச் சொல்லுங்க. இது வலிக்காது, சிவக்காது, எதையும் சொல்லாது. ஆரம்பத்திலேயே பிடிச்சா ஒண்ணும் ஆகாது" என்றார். சரி என்றேன். வீட்டுக்கு வந்து உன் எண்ணை எடுத்தேன், பிறகு போனை மேசையில் வைத்துவிட்டேன்.

ஏன் வைத்தேன் என்றால், சொன்னால் நீ அடுத்த விமானத்தில் ஏறி வந்து என் விமானத்தை யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுவாய் என்று பயந்தேன். கொடுக்காவிட்டாலும் "அப்பா, இனிமே வேண்டாமே" என்று அந்த மெதுவான குரலில் சொல்வாய், நான் சரி என்றுவிடுவேன். யார் எதைச் சொன்னாலும் சரி என்று சொல்லியே எழுபத்தொரு வயது வந்துவிட்டது. இது ஒன்றை முடிக்க வேண்டும் என்று இருந்தது. அதே வாரம்தான் எஞ்சினையும் முடிவு செய்தேன், எட்டு மாதம் கட்டம் போட்டது ஒரு பிற்பகலில் முடிந்துவிட்டது. கண் குறைந்தவனுக்குக் காது வேண்டும். பெட்ரோல் எஞ்சின் ஏறும்போது குரல் கனத்துப்போகிறது, இறங்கும்போது மெலிந்து வேகமாகிறது, என்னை நோக்கித் திரும்பினால் கூர்மையாகிறது, விலகிப் போனால் தடித்துவிடுகிறது. மோட்டார் என் காதுக்கு எப்போதும் ஒரே முனகல்தான், அது உன் மோட்டாரின் குறை இல்லை, சிறப்பு. ஃபோர்-ஸ்ட்ரோக்கின் வால்வை என் கண்ணால் திருத்த முடியாது. மிஞ்சியது ஒன்றே ஒன்று. அது ஆளை உலுக்கும், திருகாணியைத் தளர்த்தும் என்று நீ எச்சரித்ததை மறக்கவில்லை, அடியில் ரப்பர் வைத்துத்தான் பொருத்தியிருக்கிறேன், முப்பத்தொரு திருகாணியையும் ஒவ்வொரு தடவையும் பட்டியல் வைத்துத் தொட்டுப் பார்க்கிறேன். கையுறை போட்டுத்தான் சுற்றுகிறேன், பத்து விரலும் இருக்கின்றன.

கண் இப்படி இருக்க ஒன்பதரை கிலோ விமானத்தை ஆகாயத்தில் விடலாமா என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன். பஸ்காரம்மாதான் வழி சொன்னார். இரண்டு ரிமோட், நடுவில் ஒரு கம்பி. அவர் கையில் இருப்பது தலைமை ரிமோட், அவர் ஒரு ஸ்விட்சை அழுத்திப் பிடித்திருக்கும் வரை விமானம் என் பேச்சைக் கேட்கும், விரலை எடுத்தால் அவரிடம் போய்விடும். டாக்டரிடமும் கேட்டேன், பக்கத்தில் அப்படி ஒருவர் இருந்தால் சரி, தனியாகக் கூடவே கூடாது என்றார். மைதானத்தில் எல்லாரிடமும் கண்ணைப் பற்றிச் சொன்னேன். ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் யாரும் நிற்பதில்லை என்று முடிவாயிற்று.

போன ஞாயிறு காலையில் அதை முதல் முறையாகப் பறக்கவிட்டோம். கீழ் வீட்டுத் தையல்காரர் படிக்கட்டில் இறக்க உதவினார், திருப்பத்தில் வால் இடிக்காமல் இருக்க அம்மா தலையணையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். "ஒரு பிள்ளையைப் பெத்தப்பகூட இவ்வளவு ஜாக்கிரதையா இறக்கல" என்று தையல்காரரிடம் சொன்னாள், அவர் சிரித்ததில் இறக்கையைக் கதவில் தேய்த்துவிட்டார். மைதானத்தில் நாலாவது சுற்றுக்கு எஞ்சின் பிடித்தது. மகனே, அந்தச் சத்தத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. சக்கரம் புல்லில் உருண்டது, வால் எழுந்தது, பிறகு சக்கரத்தின் சத்தம் நின்று எஞ்சின் சத்தம் மட்டும் இருந்தது, அப்போதுதான் அது தரையில் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. இரண்டு வட்டம் போட்டேன். கண்ணுக்குத் தெரிந்தபோது பார்த்தேன், தெரியாதபோது கேட்டேன். பஸ்காரம்மா ஸ்விட்சிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. மூன்றாவது வட்டத்தில் கொஞ்சம் தைரியம் வந்து மேலே ஏற்றினேன், குரல் கனத்தது, இன்னும் கனத்தது, சட்டென்று நின்றுவிட்டது. எஞ்சின் அணைந்துவிட்டது. ஆகாயத்தில் ஒரு சத்தமும் இல்லை. அது மூக்கைத் தூக்கிக்கொண்டிருக்கிறதா, கவிழ்ந்துவிட்டதா, எந்தப் பக்கம் போகிறது, எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. தெரியாத இடத்தில் ஒரு வெறும் வெளிச்சம்தான் இருந்தது. "எடுத்துக்கோங்கம்மா" என்று கத்தினேன். "எடுத்துட்டேன் சார்" என்றார், நான் சொல்லி முடிப்பதற்குள்.

அவர் அதைக் காற்றிலேயே வழுக்கிக்கொண்டு வந்து உயரமான புல்லில் இறக்கினார். சக்கரத்தின் கால் ஒன்று வளைந்தது, வேறு சேதமில்லை. வால் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது, அதை என்ன செய்தாலும் உடையாது. எஞ்சின் ஏன் நின்றது என்று திறந்து பார்த்தோம். பெட்ரோலில் தூசி போய்விடுமோ என்று பயந்து நான் ஒன்றுக்கு இரண்டு வடிகட்டி போட்டிருந்தேன், தொட்டிக்குப் பக்கத்தில் ஒன்று, கார்புரேட்டருக்குப் பக்கத்தில் ஒன்று. இரண்டாவது வடிகட்டியின் குழாய் மூட்டில் மெல்லிய கசிவு, அதன் வழியே காற்றுப் புகுந்து, ஏறும்போது எஞ்சினுக்குப் பெட்ரோலுக்குப் பதில் காற்று போயிருக்கிறது. அதைப் போடாமலே இருந்திருந்தால் நின்றிருக்காது. "சார், உங்க ஜாக்கிரதைதான் சார் உங்களுக்கு எதிரி, எஞ்சினுக்கே மூச்சு முட்டிடுச்சு" என்று பஸ்காரம்மா சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்தது, அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

அம்மாவும் மைதானத்துக்கு வந்திருந்தாள். கண் விஷயம் அவளுக்கு முதலிலிருந்தே தெரியும், உன்னிடம் நானே சொல்வேன் என்று அவளிடம் வாக்குக் கொடுத்துத் தடுத்து வைத்திருந்தேன், அவளும் ஒவ்வொரு வாரமும் போனை என் கையில் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். வீட்டு வாசல் வந்ததும் சொன்னாள், "ஒரு மரக்கட்டை விழுந்துடுமோன்னு ஊருக்கே கேட்கக் கத்தினீங்க. என் பிள்ளை விஷயத்துல வாயைத் திறக்க அஞ்சு மாசம் ஆகுது இல்ல?" அவள் சாவியை எடுத்துக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. சரிதான். வாழ்க்கை முழுவதும் தராசு முள்ளைப் பார்த்தவன், ஒரு தட்டில் என் விமானத்தையும் மறு தட்டில் உன் கண்ணையும் வைத்துவிட்டு ஐந்து மாதம் முள்ளைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தேன். இதற்கு மன்னிப்புக் கேட்கும் அளவுக்கு நல்ல வாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை, நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன், அதனால் சும்மா எழுதுகிறேன், மன்னித்துவிடு.

இனி நீ செய்ய வேண்டியது. வீட்டில் நீயாகச் சோதித்துப் பார்க்காதே. நான் பார்த்தேன், சுவரில் புள்ளி வைத்து ஒரு கண்ணை மூடி அளவெல்லாம் எடுத்தேன், எல்லாம் சரியாக இருந்தது, ஏனென்றால் இல்லாத இடத்தை மனசே நிரப்பிக் காட்டிவிடுகிறது. டாக்டரிடம் போய், தகப்பனுக்கு இருக்கிறது என்று சொல்லி, கண்ணின் அழுத்தமும் அந்தக் கிண்ணப் பரிசோதனையும் கண் நரம்பும் மூன்றும் பார்க்கச் சொல். எனக்கு நன்றாகத்தானே தெரிகிறது என்று தள்ளிப்போடாதே, எனக்கும் நன்றாகத்தான் தெரிந்தது. மருமகளிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு, உன்னை விட அவள் சீக்கிரம் கிளப்புவாள். வேலை வேலை என்று நேரம் மாற்றி மாற்றிச் சாப்பிடாதே, போனில் உன் குரல் களைத்துத் தெரிகிறது என்று அம்மா சொல்கிறாள். கட்டிலுக்கு அடியில் இருக்கிற மோட்டாரை என்ன செய்வது என்று எழுது, திருப்பி அனுப்பச் சொன்னால் அனுப்புகிறேன், இருக்கட்டும் என்றால் அதற்கென்று இன்னொரு விமானம் செய்கிறேன். இன்னொன்று என்றதும் அம்மா "அப்ப நான் எங்க படுக்கிறது?" என்று சமையலறையிலிருந்து கேட்கிறாள், பேச ஆரம்பித்துவிட்டாள் என்று சந்தோஷமாக இருக்கிறது. கோபம் வந்தால் கோபப்படு, திட்டி எழுது, ஆனால் இனிமேல் வேண்டாம் என்று மட்டும் எழுதாதே, இந்த ஒரு தடவை நான் சரி என்று சொல்லப் போவதில்லை.

நீயும் மருமகளும் குட்டியும் குறையொன்றும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் மனதார வாழ்த்துகிறோம். வளைந்த காலை நிமிர்த்தியாகிவிட்டது, இரண்டாவது வடிகட்டியைக் கழற்றிவிட்டேன், தொட்டியில் பெட்ரோல் நிரப்பி வைத்திருக்கிறேன். ஆனால் உன் பரிசோதனை முடிந்து, டாக்டர் என்ன சொன்னார் என்று உன் கையால் எழுதிய கடிதம் என் கைக்கு வரும் வரை அந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யப் போவதில்லை. ஞாயிறு தோறும் மைதானத்துக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவேன். பஸ்காரம்மாவிடமும் சொல்லிவிட்டேன். இது என்ன சார், உங்க பிள்ளையை மிரட்டறீங்களா என்றார். ஆமாம் என்றேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா